உத்திரத்துக்கு உபதேசம்

பொங்கலுக்கு நன்னிலம் போயிருந்தபோது எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் அதிகாரி எழுதியிருந்தார். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். எழுத்தில் மரியாதை இருந்தது.

"எங்கள் ஆலையில் பணிபுரியும் பெண்களிடையே மன அழுத்தம் அதிகமாகக் காணப்படுகிறது. காரணமின்றி அழுகிறார்கள். சிலர் மயங்கி விழுகிறார்கள். சிலர் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பெண்களின் மனத்தை நன்கு அறிந்து எழுதும் தாங்கள் வந்து, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று நாற்பது நிமிஷம் பேச வேண்டும்." கார் அனுப்புவார்களாம். சன்மானமும் உண்டாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, பெண்களின் மனத்தை அறிந்தவன் என்று ஒருவர் எழுத்து மூலமாகச் சொல்வது சாதாரண விஷயமா? என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரியே பிரசங்கத்தை மனத்துக்குள் தயார் செய்துவிட்டேன். இரண்டு குட்டிக் கதை, கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் நகைச்சுவை, கடைசியில் 'உங்கள் மனம் உங்கள் கையில்' என்று ஒரு முத்தாய்ப்பு. நாற்பது நிமிஷத்துக்குத் தாராளமாகப் போதும்.

மறுநாள் காலையில் தெருக்கோடி வீட்டுப் பெண் வந்தாள். அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். சிறு வயது முதல் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள். அந்த முறையில் பெண்ணுக்கு நான் மாமா. மூன்று வருஷமாக அவளும் ஒரு நூற்பாலையில்தான் வேலை செய்கிறாள். பொங்கலுக்கு நான்கு நாள் லீவு கிடைத்து வந்திருந்தாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவள் திரும்பிப் போய் அதே ஆலையில் நிற்க வேண்டியவள்.

என் மனைவி அவளை உட்காரவைத்து நான்கு இட்லி வைத்தாள். சட்னி எடுத்துவர உள்ளே போனவள் திரும்புவதற்குள் தட்டு காலி.

"ஏண்டி பறக்கறே? யார் பிடுங்கிக்கப் போறா?"

பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பழகிப்போச்சு அத்தை. சாப்பாட்டுக்கு அரை மணின்னு பேரு. கியூவுல நின்னு, தட்டு கழுவி, திரும்ப ஓடறது போக மிச்சம் பத்து நிமிஷம்தான்."

நான் பெருமையாக என் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே என்ன பேசினால் உபயோகமாக இருக்கும் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க மில்லுலயும் ஒருத்தர் வந்து பேசினாங்க மாமா. நல்லாத்தான் பேசினாங்க. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னாங்க. பாதிப் பேர் அப்படியே தூங்கிட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த ஒரு மணி நேரத்து வேலையை அன்னிக்கு ராத்திரி நின்னு முடிச்சுக் கொடுத்தோம்."

கோபமில்லாமல், மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அதிகாரிக்கு எழுத வேண்டிய பதிலைத்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

நூற்பாலைக்குள் போயிராதவர்களுக்காக முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான ரிங் பிரேம்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கதிர்கள், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். எங்காவது ஓர் இழை அறும். அதைப் பார்த்து, ஓடிப்போய், விரல் நுனியால் ஒட்டவேண்டும். அதற்குள் இன்னோர் இடத்தில் அறும். எட்டு மணி நேரமும் நடை. உட்கார்ந்தால் இழை கண்ணில் படாது. ஆகவே உட்காரக் கூடாது. காற்று வறண்டால் நூல் அறும். ஆகவே கூடத்தில் ஈரமும் வெப்பமும் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நூலுக்கு எது சுகமோ அதுவே அங்கே சீதோஷ்ணம். யந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்காது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒரு தூக்கத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இவ்வளவையும் தாங்கலாம் என்கிறாள் அந்தப் பெண். தாங்க முடியாதது வேறு என்கிறாள். "ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட ஒருத்தரைக் கேக்கணும் மாமா. கேட்டா, இப்பத்தானே போனேங்கறார், எல்லாருக்கும் கேக்கறாப்பல. அதுக்காகத் தண்ணியே குடிக்கிறதில்லை."

தண்ணீர் குடிக்காமல், சரியாகத் தூங்காமல், பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, எட்டு மணி நேரம் நின்றால் மயக்கம் வராதா? இதற்குக் 'காரணமின்றி' என்று ஒரு வார்த்தையை அந்த அதிகாரி எப்படித்தான் எழுதினாரோ!

'மன அழுத்தம்' என்ற சொல்லை நாம் எல்லாரும் இப்போது தாராளமாகப் புழங்குகிறோம். அது வந்த வழி சுவாரஸ்யமானது. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற வைத்திய விஞ்ஞானி எலிகளைக் குளிரிலும் காயத்திலும் ஓயாத உழைப்பிலும் வாட்டிப் பார்த்தார். வாட்டும் வழி எதுவானாலும் எலியின் உடம்பு ஒரே விதமாகச் சீர்கெட்டது. பிற்பாடு இதற்கு 'ஸ்டிரெஸ்' என்ற பெயர் நிலைத்தது. அது எஞ்சினீயர்கள் வெகுகாலமாக ஆண்டுவந்த சொல். பாரம் ஏறும்போது உத்திரத்துக்குள் உண்டாகும் இறுக்கத்தைக் குறிப்பது. அந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது நாம் அதன் முன்னால் 'மன' என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்தோம். சேர்த்த மாத்திரத்தில் பாரத்தை ஏற்றியவன் கழன்றுகொண்டான். அழுத்தம் அவள் மனத்தில் இருக்கிறதாம். ஆகவே வைத்தியமும் அவள் மனத்துக்குத்தானாம்!

எங்கள் நன்னிலத்து வீடு பழைய ஓட்டு வீடு. சில வருஷங்களுக்கு முன் பரணில் நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். உத்திரம் நடுவில் வளைந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் அண்ணாந்து பார்த்தார். "முதல்லே மூட்டையை இறக்குங்க. அப்புறம் பேசலாம்" என்றார். உத்திரத்தைப் பார்த்து, "அப்பா உத்திரமே, மனத்தைத் தளரவிடாதே, மூச்சை நன்றாக இழுத்து விடு" என்று அவர் உபதேசம் செய்திருந்தால் நாங்கள் என்ன நினைத்திருப்போம்? அந்த ஆசாரிக்கு இருந்த புத்தி ஆயிரம் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஏன் இல்லை?

'இது எழுத்தாளனின் உவமை, விஞ்ஞானம் அல்ல' என்று சிலர் சொல்லக்கூடும். 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் வேலை செய்பவர்களைப் பற்றிய விவரங்களை வைத்து அவர் கண்ட முடிவு இது: வேலை கடினமாக இருப்பது மட்டுமே மனிதனை ஒடித்துவிடுவதில்லை, கடினமான வேலையும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கத் தனக்குச் சிறிதும் அதிகாரமில்லாத நிலையும் ஒன்றுசேரும்போதுதான் மனிதன் ஒடிகிறான். நன்னிலத்துப் பெண் சொன்னதையே அவர் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார். நிற்பதை அவள் பொறுத்துக்கொள்கிறாள். ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"வயலில் மட்டும் என்ன சுகம்? குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நட்டவர்கள்தானே இவர்கள்? ஆலை வந்ததால்தான் கையில் நாலு காசு பார்க்கிறார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. நான் மதிக்கிற வாதம் இது. ஆகவே இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

வயலில் சுகம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். இது சாணிப்பாலும் சவுக்கடியும் பார்த்த மண். பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்பதற்கு 1952-ல் தனியாக ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்த மண். கூலித் தகராறில் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வெந்து போயின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாற்று நடும் பெண்ணின் பாட்டைக் கேட்டு மயங்கிக் கவிதை எழுதுகிறவர்கள் அவள் முதுகை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

ஆனால் அந்த மண்ணின் சரித்திரம் நமக்குச் சொல்வது என்ன? பண்ணையாளின் துயரத்துக்கு யாராவது மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா? சங்கம் வைத்தார்கள், கூலி கேட்டார்கள், சட்டம் வந்தது. சவுக்கு கீழே விழுந்தது. அன்றைக்கு அதைத் துயரம் என்றும் கொடுமை என்றும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொடுமை என்றால் செய்தவன் யார் என்ற கேள்வி உடனே வரும். மன அழுத்தம் என்றால் அந்தக் கேள்வி வராது.

இவர்கள் ஆலைக்குப் போனதும் ஆசையினால் மட்டும் அல்ல. அறுவடைக்கு யந்திரம் வந்தது, நடவுக்கும் வந்துகொண்டிருக்கிறது. வருஷத்தில் இத்தனை நாள் கூலி என்று நம்பியிருந்த குடும்பத்தில் அந்த நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மேட்டூரில் தண்ணீர் தாமதமானால் குறுவையும் சந்தேகம். இந்தச் சமயம் பார்த்துத்தான் ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் தெருவுக்குள் வந்தார்கள். தங்குவதற்கு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை. அதற்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: 'சுமங்கலித் திட்டம்'! பெண்ணுக்குச் சேரவேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசிவிட்டார்கள். இரண்டரை வருஷத்தில் உடம்பு கெட்டுத் திரும்பியவர்களில் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்காதவர்கள் உண்டு. கண்டனங்கள் எழுந்த பிறகு பல ஆலைகள் அந்தப் பெயரை விட்டுவிட்டன. பூட்டிய விடுதி எல்லா இடத்திலும் திறந்துவிடவில்லை.

2019-20-ஆம் ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாம் மார் தட்டிக்கொள்ளும் கணக்கு இது. தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. தன் கையால் சம்பாதிக்கும் பெண் தலை நிமிர்ந்துதான் நிற்கிறாள். ஆனால் அத்தனை பெண்களை உள்ளே அனுப்பிய நாடு, உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டாமா?

2019-ல் ஒரு செய்தி நிறுவனம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள 100 பெண்களை விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னபோது, பெயர்ச்சீட்டே இல்லாத மாத்திரைகளை வேலை இடத்திலேயே கொடுத்தார்கள் என்று 100 பேரும் சொன்னார்கள். வலிக்கு ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் குறையாது. உபதேசமும் இந்த மாத்திரையின் ஜாதியைச் சேர்ந்ததுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் அவளை யந்திரத்தின் முன்னால் மறுபடி நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படுகின்றன.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு விஷமாயிற்று. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உலகத்துப் பணக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஐபோனைச் செய்கிறவர்கள் அவர்கள். ஓர் அறையில் பலர் தரையில் படுத்துக் கிடந்தார்கள் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் யாரிடமும் போய்த் தியானம் கற்கவில்லை. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அறைகளைத் திருத்தும் வேலை ஆரம்பமாயிற்று. இருபது வருஷப் பிரசங்கத்தில் நடக்காதது இரண்டு நாள் உட்கார்ந்ததில் நடந்தது.

திண்டுக்கல் பக்கத்தில் இதைவிடத் துயரமான ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில், ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளன் கைது செய்யப்பட்டான். அங்கே பெண்கள் முன்னின்று நடத்திய தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் ஆலை முதலாளிகளும் சங்கமும் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் கண்காணிக்க வைத்தார்கள். முதல் ஆண்டில் 185 முறையீடுகள் வந்தன, 182 தீர்ந்தன. வசை குறைந்தது என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். எந்த மனோதத்துவ நிபுணரும் இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இது தப்பு' என்று ஒருத்தி சொன்னால் அவள் வேலை போகாது என்ற உறுதி கிடைத்தது, அவ்வளவுதான்.

'சட்டம்தான் இருக்கிறதே' என்பார்கள். இருந்தது, இருக்கிறது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார இடம் வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றது. ராத்திரி வேலையில் பெண்களுக்கு அது விதித்திருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ல் நீக்கியது. பாதுகாப்போடு வேலை கொடு என்றது. பழைய சட்டங்களைத் திரட்டி 2020-ல் இயற்றிய தொகுப்பு 2025 நவம்பரில் அமுலுக்கு வந்திருக்கிறது. இதற்கு நடுவில், 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் பெறுவதாக அறிவித்தார்கள். சட்டப் புஸ்தகத்தில் எத்தனையோ நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் வந்து சேரவேண்டும்.

'போட்டி உலகம், விலை கூடினால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும்' என்று முதலாளிகள் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். கூலியைப் பற்றிய வாதத்தை அவர்கள் சங்கத்தோடு நடத்திக்கொள்ளட்டும். நான் கேட்பவை சின்ன விஷயங்கள். கக்கூசுக்குப் போக அனுமதி கேட்க வேண்டாம் என்பதற்கு என்ன செலவு? பெண் பிள்ளையை 'ஏ கழுதை' என்று கூப்பிடாமல் இருப்பதற்கு என்ன செலவு? ஷிப்டு மாறும் தேதியை முன்கூட்டிச் சொல்வதற்கும், சாப்பாட்டுக்கு அரை மணி என்றால் உட்கார்ந்த பிறகு அரை மணி என்று கணக்கிடுவதற்கும் எந்த நாட்டு ஆர்டர் ஓடிப்போய்விடும்?

கடைசியாக நம்மைப் பற்றி. நம் என்று சொல்வது, இதைச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கிற உங்களையும் எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான். நம் உடம்பில் உள்ள பனியனில் ஒட்டியிருக்கும் இழையை யாரோ ஒருத்தி ஓடிப்போய் ஒட்டியிருக்கிறாள். நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆபீஸில் வேலை அதிகமானால் மானேஜரைத் திட்டுகிறோம். ஆலைப் பெண்ணுக்கு அதிகமானால் தியானம் சிபாரிசு செய்கிறோம். எங்கள் எழுத்தாளர் ஜாதி இன்னும் மோசம். ஆலைப் பெண்ணைக் கதையில் கொண்டுவந்தால், ஒன்று அவளைக் காதலில் ஏமாற்றிக் கிணற்றில் தள்ளுவோம், இல்லாவிட்டால் தியாகச் சுடராக்கிக் கும்பிடுவோம். அவள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று நான் எழுதிய ஒரு கதையிலாவது ஒரு வரி உண்டா? இல்லை. எனக்குத் தெரியாது. தெரு முனையில் இருந்த பெண்ணை மூன்று வருஷமாகக் கேட்கவும் இல்லை.

அந்த அதிகாரிக்கு எழுதிய பதிலின் சாரம் இது: "வருகிறேன். சன்மானம் வேண்டாம். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, என் பேச்சை மேற்பார்வையாளர்களும் அதிகாரிகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்; அந்த நாற்பது நிமிஷமும் பெண்கள் பேசுவார்கள், நான் கேட்டு எழுதிக்கொள்வேன். பேசியதற்காக ஒருத்தியின் பேரில்கூட நடவடிக்கை எடுக்கக் கூடாது. இரண்டு, அந்த நேரத்து வேலையைப் பின்னால் அவர்கள் தலையில் கட்டக் கூடாது."

இது எழுதி ஆறு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.

பெண் மட்டும் நான்காம் நாளே புறப்பட்டுவிட்டாள். மயிலாடுதுறை போய்க் கோவை வண்டியைப் பிடிக்க வேண்டும். அவள் அம்மா புளிச்சாதம் கட்டி, பெரிய பாட்டில் நிறையத் தண்ணீரும் கொடுத்திருந்தாள். நன்னிலம் ஸ்டேஷனில் வண்டி வரும்வரை பெண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தாள். "போற வழியெல்லாம் குடிச்சுக்கலாம் மாமா, ரயில்ல யாரையும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்துக் குழாயில் பாட்டிலை மறுபடி நிரப்பிக்கொண்டு ஏறினாள்.